பகிடிப் படம்

அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்களில் வருகிற தகப்பன்மாருக்கு வசனம் குறைவு. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தபோது, இதைக் கண்டுபிடித்தேன். அன்று நாங்கள் பார்த்த படத்தில் தகப்பன் வீட்டின் பின்கோடியில் முன்துணி கட்டிக்கொண்டு இறைச்சி வாட்டுகிறார். மகளைக் கண்டதும் ஒரு பகிடி விடுகிறார். மகள் கண்ணை உருட்டிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அதற்குப் பிறகு மனிதர் கடைசியில்தான் வருகிறார், கையில் கமராவோடு. இடையில் பிள்ளைக்கு நடந்த ஒன்றுமே அவருக்குத் தெரியாது. இறைச்சி மட்டும் பதமாக வெந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த ஆளைப் பார்த்து நான் சிரித்தேன். எனக்குக் கொடுக்கப்பட்ட பாத்திரமும் அதுதான் என்பது விளங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

நான் அரச அலுவலகம் ஒன்றில் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்த்துகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பத்திரிகையில் பகிடி எழுதுகிறவன். இரண்டிலும் வேகம் ஒன்றுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான சண்டிலிப்பாயில் என்னைத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என்னைக் கண்டவுடன் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். நான் "மழை வரும் போலக் கிடக்கு" என்றாலும் சிரிப்பார்கள். வீட்டில் நிலைமை வேறு. மனைவி பத்திரிகையில் முதலில் மரண அறிவித்தல்களைப் படிப்பாள், பிறகு மரக்கறி விலை, பிறகு நேரம் இருந்தால் நான். மகள் படித்துவிட்டு மூக்கால் ஒரு சின்னக் காற்று விடுவாள். அந்தக் காற்றுக்காகத்தான் நான் எழுதிக்கொண்டிருந்தேன் என்றால் பத்திரிகை ஆசிரியர் கோபிப்பார், ஆனால் உண்மை.

மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வெளி மாவட்டம். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி வருவாள், ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போவாள். போவதற்கு முன்னர் இருந்தவளை நான் சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு தலைமயிரைத் தோள்மட்டத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றவள். தாய் சாப்பிடாமல் கிடந்து பார்த்தாள். மயிர் திரும்பி வளரவில்லை. காற்சட்டையும் சப்பாத்துமாய்க் கோயிலுக்கு வெளிக்கிட்டதில் இன்னொரு சண்டை. எதற்கும் எதிர்க் கதை வைத்திருப்பாள். அவளோடு வாதாடித் தோற்றதை வைத்தே நான் பல ஞாயிறுகளை ஓட்டியிருக்கிறேன்.

முதல்தரம் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள் வேறு ஒரு பிள்ளை. அந்தத் தோள்மட்டத்து மயிருக்கு எண்ணெய் வழிய வைத்து, நடு உச்சி பிரித்து, இழுத்து இரண்டாகப் பின்னியிருந்தாள். காதுக்குப் பின்னால் இரண்டு குட்டிப் பின்னல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. கணுக்கால் வரை பாவாடை. இரப்பர்ச் செருப்பு. பக்கத்து வீட்டுக்காரர் படலையைத் திறந்தால் எழும்பி நின்றாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள், அதுவும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு. தொலைபேசி அடித்தால் கட்டிலில் கிடந்தவள் துள்ளி எழும்பி, நிமிர்ந்து நின்று, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்றாள்.

மனைவி பூரித்துப்போனாள். "பாத்தியளே. அக்காமாரோடை கதைக்கிறதுக்கும் எழும்பி நிக்குது. நாங்கள் இருவது வருஷமாச் சொல்லிக் கேளாததை அங்கை ரெண்டு கிழமையிலை பழக்கியிருக்கினம்" என்று எனக்குச் சொன்னாள். பிறகு ஊருக்கும் சொன்னாள். ஊர் வந்து பார்த்தது. புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்த அயலவர் ஒருவர், பிள்ளை இப்போதுதான் லட்சணமாக இருக்கிறாள் என்றார். தூரத்து உறவில் ஒரு மாமி, சும்மா ஒருக்கால் பார்க்கத்தான் என்று சாதகம் கேட்டாள். நான் எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டு கேட்டேன். ஒரு குறைதான். மூக்கால் விடும் அந்தக் காற்றும் நின்றுபோயிருந்தது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நானாகப் படம் பார்க்கக் கேட்டேன். மனைவி கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டப் போயிருந்தாள். மகள் விறாந்தையில் சும்மா இருந்தாள். சும்மா இருப்பது அவளுடைய வழக்கமல்ல. உயர்தரம் படித்த காலத்தில் இரசாயனப் புத்தகத்துக்குப் பின்னால் மடிக்கணினியை ஒளித்து வைத்து, காதில் வயரைச் செருகிக்கொண்டு, இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துக் குலுங்கிச் சிரிப்பாள். அப்போது நான் ஏசினேன். இப்போது அந்தச் சிரிப்பு எனக்குத் தேவைப்பட்டது.

"உன்ரை பகிடிப் படம் ஒண்டு போடு பிள்ளை, பாப்பம்" என்றேன்.

"உங்களுக்கு விளங்காதப்பா."

"விளங்காட்டி நீ சிரிக்கிற இடத்திலை நானும் சிரிக்கிறன்."

அவள் மறுக்கவில்லை. மறுக்காததும் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மேசையில் கணினியை வைத்தாள், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினாள், முந்திப் பலதரம் பார்த்து வசனம் பாடமாகிவிட்ட ஒரு படத்தைப் போட்டாள்.

வயது போனவன் இப்படிப் படங்களைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கதாநாயகியைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கண் வேறு எங்கேயோ போகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கூட்டுவதற்கு எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள், நிலம் இப்படி மினுங்குகிறதே என்று யோசித்தேன். பதினாறு வயது என்று சொல்லப்பட்ட பையன்களுக்குச் சவரம் செய்த தாடை பச்சையாகத் தெரிந்தது; வீட்டில் இரண்டு பிள்ளைகளும் வங்கிக் கடனும் உள்ளவர்கள் போல இருந்தார்கள். ஒருவருக்கும் ரியூசன் இல்லை. பல்கலைக்கழகத்துக்கான இசட் புள்ளி பற்றிய கவலை இல்லை. அதிபர் என்று ஒருவர் வந்து வழுக்கி விழுந்துவிட்டுப் போனார். எங்களூரில் அப்படி ஒரு அதிபரை வைத்து ஒரு காட்சி எடுத்தால் பழைய மாணவர் சங்கம் நாலு நாட்டிலிருந்து கண்டன அறிக்கை விடும். இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மகள் ஒரு பக்கம் தலையைச் சாய்த்து, மரியாதையாக, "ஓம்" என்றாள். "ஓம்" மட்டும்தான்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பெண் பெரிய பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். மூக்குக்கண்ணாடி, இரட்டைப் பின்னல், நீளப் பாவாடை. அங்கே மூன்று பெண்கள் ஆட்சி நடத்துகிறார்கள். புதியவள் கன்ரீனில் சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடுகிறாள். மூன்று பேரும் வரச்சொல்லி, மேசைக்கு மேல் ஏறி நின்று தன்னை அறிமுகப்படுத்தச் சொல்கிறார்கள். அவள் ஏறுகிறாள். தட்டில் பச்சை நிறத்தில் ஒரு களி நடுங்குகிறது. அவள் ஊர்ப் பேரைச் சொல்ல வாயெடுக்க, ஒருத்தி மேசையை மெல்லக் காலால் தள்ள, களி பறந்து போய் அவளுடைய கண்ணாடியில் அப்பிக்கொள்கிறது. கன்ரீன் முழுக்கச் சிரிக்கிறது.

நானும் சிரித்தேன். நடித்த பிள்ளை நன்றாக நடித்தாள்; களி பறந்த விதத்தில் ஒரு கலை இருந்தது; தொழில்காரன் என்ற முறையில் அந்த நேரக்கணக்கை மெச்சினேன். நல்ல பலமாகவே சிரித்துவிட்டு, பக்கத்திலும் சிரிப்பு வந்திருக்கும் என்று திரும்பினேன். மகள் படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து அவள் யாரையாவது நேராகப் பார்த்தது அதுதான் முதல்தரம்.

"நீங்களும் சிரிக்கிறியள்" என்றாள்.

"பகிடிதானே பிள்ளை."

"ஓம். அங்கையும் உதைத்தான் சொல்லுறவை."

எங்கே, யார் என்று நான் கேட்கவில்லை. படம் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வகைப் படங்களில் கட்டாயம் வரும் கட்டம் வந்தது: ஒரு சிநேகிதி புதியவளைக் கண்ணாடிக்கு முன்னால் இருத்தி, பின்னலை அவிழ்த்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பாவாடையைக் குறைத்து, உதட்டுக்குச் சாயம் பூசுகிறாள். அடுத்த நாள் அவள் பள்ளிக்கூட நடைபாதையில் தலைமயிரை வீசிக்கொண்டு மெதுவாக நடந்து வருகிறாள். எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். எண்ணெய் வைத்த இரட்டைப் பின்னலிலிருந்து தோள்மட்டத்து மயிருக்கு. நிலத்தைப் பார்ப்பதிலிருந்து நிமிர்ந்த கழுத்துக்கு. நான் திரையைப் பார்த்தேன், பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இதே படம் கடைசியிலிருந்து தொடக்கத்துக்கு ஓடியிருந்தது. எங்கள் வீட்டில் வாயைப் பிளந்தவர்கள் பெற்றோர்.

படத்தை நிறுத்தினேன்.

"உந்தப் பின்னல் நீயாப் பின்னினதோ?" என்று கேட்டேன்.

அவள் ஒரு பின்னலின் நுனியைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போலச் சொல்லத் தொடங்கினாள். முதலாம் வருடப் பெண் பிள்ளைகள் இரட்டைப் பின்னல்தான் போட வேண்டும். பாவாடை கணுக்காலைத் தொட வேண்டும். சப்பாத்துப் போட முடியாது. மேல் வருடத்து அக்காமாருடைய முகத்தைப் பார்க்கக் கூடாது, அவர்களுடைய மூன்றாவது பொத்தானைப் பார்த்துக் கதைக்க வேண்டும். அழைப்பு வந்தால் எழும்பி நிற்க வேண்டும். இருந்து கதைத்தால் குரலில் தெரிந்துவிடுமாம். வீட்டில் நின்றாலும் இதெல்லாம் பொருந்தும், ஊரில் யாராவது கண்டு சொல்லிவிடுவார்கள். சொன்னபடி செய்யாவிட்டால் விடுதியில் ஓர் அறை இருக்கிறது. அந்த அறையில் என்ன என்று நான் கேட்டேன். பாட்டுப் பாட வேண்டும், ஆட வேண்டும், கெட்ட சொற்களைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும், முழங்காலில் நிற்க வேண்டும். அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் துணியவில்லை.

"உனக்கு என்ன செய்தவை?"

"கதிரையிலை ஏத்தி வாசிக்கச் சொன்னவை."

"என்னத்தை?"

"உங்கடை கட்டுரையை."

பல்கலைக்கழகத்துக்குப் போன மகள் இரட்டைப் பின்னலோடு வந்த கதையை நான் ஒரு ஞாயிறு எழுதியிருந்தேன். பேர் ஊர் போடவில்லை. தாய் விரதம் இருந்து சாதிக்காததை அரசாங்கம் இலவசக் கல்வியில் சாதித்துவிட்டது என்ற போக்கில் அது போகும். நிறையப் பேர் பாராட்டினார்கள். பேர் போடாவிட்டாலும் விடுதியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதை அவள் கதிரையில் நின்று வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வசனத்துக்கும் நிறுத்திச் சிரிக்க வேண்டும். சிரிப்பு அவர்களுக்குப் போதாவிட்டால் திரும்பத் தொடக்கத்திலிருந்து.

எந்த எழுத்தாளனுக்கும் இப்படி ஒரு வாசகி கிடைத்திருக்க மாட்டாள். ஒவ்வொரு வசனத்துக்கும் சிரித்தவள். இந்த நினைப்பு எனக்கு அந்த இடத்திலேயே வந்தது. வந்ததற்காக என் தலையில் நானே ஒரு குட்டுப் போட்டிருக்கலாம்.

ராகிங் என்கிற இதற்கு எங்கள் தமிழில் பெயர் பகிடிவதை. சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் சுவரொட்டியிலும் இதே சொல்தான். எங்கள் அலுவலகத்துக்கு வந்த சுற்றறிக்கை ஒன்றை நானே கோப்பில் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்பியிருக்கிறேன். இந்தச் சொல்லை உண்டாக்கியவர் யாரோ தெரியாது, ஆனால் என்னை அறிந்தவர் போல இருக்கிறது. வாசிக்கிறவன் முன்பாதியைப் பார்த்தவுடன் முகம் இளகிவிடுகிறது. பின்பாதிக்கு வந்து சேர்வதற்குள் சிரித்து முடித்துவிடுகிறான்.

மனைவி கைகளில் வாழைக்காய்க் கறையோடு கோயிலால் வந்தாள். அவளுக்குச் சொல்வதா வேண்டாமா என்று நாங்கள் முடிவெடுக்க முன்னரே எங்கள் முகங்களில் படித்துவிட்டாள். நான் சொன்னேன். அவள் குசினிக்குள் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கறை போகாத கையோடு வந்து, மகளுக்குப் பின்னால் நின்று அந்தப் பின்னல்களை அவிழ்க்கத் தொடங்கினாள். மகள் தடுத்தாள். ஞாயிறு திரும்பப் பின்ன வேண்டும், எண்ணெய் காய்ந்துவிட்டால் இழுபடும் என்றாள். அதற்குப் பிறகுதான் மனைவிக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. நாளைக்கே கூட்டுகிற தும்புத்தடியோடு அந்த விடுதிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நான் முறைப்பாடு எழுதப் போவதாகச் சொன்னேன். எங்கள் இருவரில் அவளுடைய ஆயுதம் பலமானது என்பது எனக்கே தெரிந்தது.

மகள் இரண்டையும் வேண்டாம் என்றாள். முறைப்பாடு செய்தால் விசாரணை நடக்கும், யாரையாவது படிப்பிலிருந்து நிறுத்துவார்களும் கூட. அதற்குப் பிறகு அவளோடு ஒருவரும் கதைக்க மாட்டார்கள். குறிப்புத் தர மாட்டார்கள், பக்கத்தில் இருந்து சாப்பிட மாட்டார்கள், காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொண்டுவந்து தர மாட்டார்கள். அது முதலாம் வருடத்தோடு முடியாது. படித்து வெளியேறும் வரை. சகித்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச மாதத்தில் முடிந்துவிடும், பிறகு அதே அக்காமார் புத்தகம் தருவார்கள், சோதனைக்குச் சொல்லித் தருவார்கள். "நீங்கள் ஒருத்தரிட்டையும் சொல்லக்கூடாது அப்பா. எழுதவும் கூடாது" என்றாள். நான் சத்தியம் செய்தேன். இதை இன்று எழுதுவது அவள் வாசித்துச் சரி என்ற பிறகுதான்.

படிப்பை நிறுத்திவிடு என்று சொல்ல எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த இடத்துக்காக அவள் எத்தனை விடியப்புறங்கள் எழும்பிப் படித்தாள் என்று தெரியும். இந்தத் தீபகற்பத்தில் கம்பஸ் கிடைத்த பிள்ளையைத் திருப்பி எடுத்துவந்த வீடு ஒன்றை நான் அறியேன். அந்த முதல் வீடாக இருக்க எனக்குத் துணிவு இருந்ததா? அன்று இரவுச் சாப்பாட்டில் ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. எல்லோரும் புட்டைப் பார்த்தோம்.

ஞாயிறு காலை மனைவி மிச்சப் படத்தைப் போடச் சொன்னாள். "அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டு பாப்பம்" என்றாள், பக்கத்து ஒழுங்கைப் பிள்ளையைப் பற்றிக் கேட்பது போல. மூன்று பேரும் இருந்தோம். மகள் அவ்வப்போது மொழிபெயர்த்தாள். கடைசியில் ஒரு நடன விழா. சிற்றூர்ப் பெண் ஒலிவாங்கியைப் பறித்து, தனக்கு நடந்ததெல்லாவற்றையும் சொல்லி, நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்துதான் சிரிக்கிறோம் என்று ஒரு பேச்சுப் பேசுகிறாள். மண்டபம் ஒரு கணம் உறைந்து, பிறகு ஒருவன் கை தட்ட, மற்றவன் கை தட்ட, மண்டபமே அதிர்கிறது. ஆட்சி நடத்திய மூவரில் தலைவிக்குக் கண் கலங்குகிறது. தகப்பன் கமராவோடு வருகிறார்.

எனக்கும் கண் கலங்கியது. கைக்குட்டையை எடுத்தால் பிடிபட்டுவிடுவேன் என்று கண்ணாடியைத் துடைத்தேன்.

மனைவிக்கு ஒன்றும் கலங்கவில்லை. "உந்தக் கை தட்டுற சனமெல்லாம் இவ்வளவு நேரமும் எங்கை நிண்டதுகள்?" என்று கேட்டாள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. மகள் கணினியை மூடவில்லை.

"நானும் அதுக்குள்ளைதானம்மா நிண்டனான்" என்றாள்.

அவளுடைய ஆண்டில் சில பிள்ளைகள் அந்த அறைக்குப் போக மறுத்துவிட்டார்களாம். பின்னல் போடுவதில்லை. கன்ரீனில் கதவோரத்து மேசையில் தனியே இருந்து சாப்பிடுவார்கள். அவர்களோடு கதைக்கக் கூடாது, பார்த்துச் சிரிக்கக் கூடாது, அவர்கள் வரும்போது நடைபாதையின் மற்றப் பக்கத்தால் போக வேண்டும் என்பது அக்காமாரின் கட்டளை. எங்கள் மகள் மற்றப் பக்கத்தால்தான் போய்க்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருத்தி எங்களுக்கு அடுத்த ஊர், அளவெட்டி. இரண்டு பேருக்கும் ஒரே பஸ். போன தடவை திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இடமில்லை. அந்தப் பிள்ளை தன் பக்கத்துச் சீற்றில் வைத்திருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துவிட்டு, இருக்கச் சொல்லித் தலையசைத்தாளாம். முன் சீற்றில் ஒரு அக்கா இருந்தபடியால், இவள் காணாதவள் போல நின்றுகொண்டே போயிருக்கிறாள்.

"வவுனியா வரைக்கும் நிண்டனான். அவள் பையைத் திரும்ப வைக்கேல்லை. மடியிலையே வைச்சிருந்தாள்" என்றாள். கதிரையில் ஏற்றியதைச் சொன்னபோது கலங்காத குரல் இதைச் சொல்லும்போது கலங்கியது. என் கட்டுரை, எங்கள் அவமானம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம் என்று அப்போதுதான் விளங்கியது.

மனைவி அவளுக்குப் புத்தி சொல்லவில்லை. என்ன செய்யப் போகிறாய் என்றும் கேட்கவில்லை. கேளாமல் விடுவது மனைவியின் வழக்கமே அல்ல. சோற்றுப் பொட்டலம் கட்டும்போது மட்டும், அளவாகக் கட்டவா கூடக் கட்டவா என்று கேட்டாள். மகள் யோசித்துவிட்டு, "கூடக் கட்டுங்கோ" என்றாள்.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் அவளை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். பின்னல் போட்டுத்தான் வந்தாள். வழியெல்லாம் நான் சொல்ல நினைத்தவற்றை ஹெல்மெட்டுக்குள்ளேயே சொல்லி முடித்தேன். போகாதே என்று ஒரு சந்தியில் சொன்னேன். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இரு என்று அடுத்த சந்தியில். வேண்டாம், இன்னும் கொஞ்ச மாதம் பொறு என்று அதற்கடுத்த சந்தியில். ஒன்றும் வெளியே கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று. மூன்றையும் கேட்டிருந்தால் அவள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாள்?

பஸ் நின்றது. மகள் என்னுடைய முழங்கையைப் பிடித்தாள். "முன்னுக்கு நிக்கிறவதான் அந்த அக்கா" என்றாள். பார்த்தேன். மெலிந்த ஒரு பிள்ளை. கையில் வீட்டுச் சோற்றுப் பொட்டலம், என் மகளுடையதைப் போலவே பத்திரிகைத் தாளில் சுற்றியது. தலைமயிர் விரித்து விட்டிருந்தது. தகப்பன் அவளுடைய பையைத் தூக்கி ஏற்றிவிட்டு, அவள் ஏறி இருந்தபின் தண்ணீர்ப் போத்தலையும் இருமல் மருந்தையும் யன்னலால் கொடுத்து, கண்ட கடைகளில் ஒன்றும் வாங்கிச் சாப்பிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு பூதத்தை எதிர்பார்த்து வந்தவன். பூதத்துக்கு இருமல் மருந்து கொடுத்துவிடுகிற தகப்பன் இருப்பான் என்று யோசிக்கவில்லை.

மகள் என் கையை விட்டாள். "வாறன் அப்பா" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

அந்தத் தகப்பன் என்னை அடையாளம் கண்டுவிட்டார். பத்திரிகையில் பகிடி எழுதுகிறவர் நீங்கள்தானே என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் எல்லோரும் வாசிப்பார்களாம். தன்னுடைய மகள்தான் சத்தம் போட்டு வாசித்துக் காட்டுவாளாம். அவருடைய உள்ளங்கை காய்த்திருந்தது. தோட்டக்காரராக இருக்க வேண்டும், அல்லது மேசன். நல்ல மனிதர். அதுதான் கஷ்டமாக இருந்தது.

"உங்கடை பிள்ளையும் அங்கைதானோ? ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. என்ரை மேள் மூண்டாம் வருஷம். புதுசா வாற பிள்ளையளை அவள்தான் பாக்கிறவள்."

நான் ஓம் என்றேன். செய்த சத்தியம் இருந்தது. யன்னலுக்குள்ளே அவருடைய மகள் என் மகளைக் கண்டு, தன் பக்கத்துச் சீற்றைக் கையால் தட்டிக் காட்டினாள். வா, இரு என்று. என் மகள் அந்த இடத்தில் நின்றாள். எனக்கு அவளுடைய முதுகும் இரண்டு பின்னல்களும் மட்டும் தெரிந்தன. பின்னால் ஏறியவர்கள் பைகளோடு இடித்துக்கொண்டு நின்றார்கள். கொண்டக்டர் உள்ளே போகச் சொல்லிக் கத்தினார். அவள் அந்தச் சீற்றைக் கடந்து போனாள். நடுவில் ஒரு பிள்ளை யன்னலோரம் தனியே இருந்தாள், தலைமயிரை ஒற்றையாகக் கட்டி, பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு. அங்கே போய் நின்றாள்.

அளவெட்டிப் பிள்ளை பையை எடுக்கவில்லை. முகத்தைத் திருப்பி இவளைப் பார்த்தாள். பிறகு முன் சீற்றைப் பார்த்தாள், அங்கிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளை. இவள் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. பஸ் உறுமத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை பையைத் தூக்கினாள். மகள் இருந்தாள். இரண்டு பேரும் கதைக்கவில்லை. ஒருத்தி வெளியே பார்த்தாள், மற்றவள் மடியைப் பார்த்தாள். ஒருவரும் கை தட்டவில்லை. முன் சீற்றில் இருந்தவள் தொலைபேசியை எடுத்து எதையோ எழுதத் தொடங்கினாள்.

எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இனி அந்த விடுதியில் அவளோடு யார் கதைப்பார்கள் என்ற கணக்கைத்தான் மனம் போட்டது.

"ஏன் பிள்ளை உள்ளுக்குப் போகுது? மேளுக்குப் பக்கத்திலை இடம் கிடக்குதே" என்றார் அந்த மனிதர்.

பஸ் பின்னால் வந்து திரும்பியது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஒளித்து வைக்கச் சொன்னவளே பஸ் நிறைந்த சனத்துக்கு முன்னால் அதைச் செயலால் சொல்லிவிட்டாள்.

"உங்கடை மேளுக்குப் பக்கத்திலை இருக்க அவளுக்குப் பயம்" என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது. வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் பகிடி விடேல்லை."

இன்னும் பலமாகச் சிரித்தார். "உதுதான் உங்களிட்டை எனக்குப் பிடிச்சது. முகத்தை இறுக்கி வைச்சுக்கொண்டு சொல்லுவியள்" என்று என் தோளில் தட்டினார். பஸ் வாசலைத் தாண்டி வீதிக்கு இறங்கியது. அவர் சிரித்து முடிக்கட்டும் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன்.